கிறிஸ்தவ ஒன்றிப்புப் பணியில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. 1908-இல் அமெரிக்காவில் பால் வாட்சன் தொடங்கி வைத்த இந்த வழக்கம் இன்று கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபையினருக்கும் பொதுவாகிவிட்டது. எங்கள் ஊரில் கத்தோலிக்கப் பங்குக் கோவிலும் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யின் ஆலயமும் முறைவைத்து இதை நடத்துகின்றன. ஏற்பாட்டுக் குழுவில் சி.எஸ்.ஐ. தரப்பில் நான் நெடுங்காலமாக இருந்து வருகிறேன். புதிதாகக் குழுவில் சேரும் இளைஞர்கள் மிகுந்த ஆர்வத்தோடு வருகிறார்கள். எங்கள் தலைமுறை இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறுவதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. மற்றவர்களின் சுரூபங்களைப் பழிப்பதும், கூட்டத்துக்கு வந்தவர்களைத் தம் சபைக்கு இழுப்பதும் தவறு என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பிறருடைய போதனையை அவர்களைக் கேளாமல் நாமே சொல்வது

இந்த ஒரு தவறுதான் எங்களுக்கு மிக அதிக இழப்பை உண்டாக்கியது. இன்றும் இதைக் கேட்டால் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

ஓர் ஆண்டு பங்கு மண்டபத்தில் எபேசியர் இரண்டாம் அதிகாரத்தை இரு சபையாரும் சேர்ந்து தியானித்தோம். எங்கள் பக்கத்து இளைஞர் ஒருவர், கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியைகளினால் (நம் செயல்களால்) அல்ல என்னும் எட்டாம், ஒன்பதாம் வசனங்களை அழகாக விளக்கிவிட்டு, "கத்தோலிக்க சபை கிரியைகளால் இரட்சிப்பு உண்டு என்று போதித்தது, இன்றும் போதிக்கிறது" என்று முடித்தார். முன்வரிசையில், அந்தப் பங்கில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அமர்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் அவர் இளைஞரிடம் வந்து, "தம்பி, இதை எங்கள் மறைக்கல்வி நூலில் எந்தப் பக்கத்தில் வாசித்தீர்கள்?" என்று கேட்டார். தம்பியிடம் பதில் இல்லை. அவர் அதை வாசித்தவரல்லர், சிறு வயது முதல் கேட்டு வந்தவர். அடுத்த ஆண்டு அந்த அம்மாவும் அவரோடு வழக்கமாக வரும் மரியாயின் சேனைப் பெண்களும் வரவில்லை. அவர்களைத் திரும்ப அழைத்துவரப் பல ஆண்டுகள் பிடித்தன.

உண்மையில் கத்தோலிக்கத் திருச்சபை என்ன சொன்னது? சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தருக்கு மறுமொழியாகக் கூடிய, கத்தோலிக்க ஆயர்களின் திரிதெந்தின் பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் தன் ஆறாம் அமர்வில் வெளியிட்ட சட்டங்களில் முதலாவதே, கிறிஸ்துவின் வழியாக வரும் அருளின்றித் தன் சொந்தச் செயல்களால் மனிதர் கடவுள்முன் நீதிமானாக முடியும் என்று கூறுபவரைக் கண்டிக்கிறது. அதே சங்கம் 'விசுவாசத்தினால் மாத்திரம்' என்பதையும் கண்டித்தது என்பது மெய்தான். பிணக்கு இருந்தது, அதுவும் ஆழமாகவே இருந்தது. ஆனால் அது அந்த இளைஞர் சொன்ன இடத்தில் இல்லை.

மறுபக்கத்திலும் இதே நோய் உண்டு. துறவியான லூத்தர் திருமணம் செய்துகொள்ள ஆசைப்பட்டதால்தான் சபை பிளந்தது என்று கத்தோலிக்க இளைஞர்கள் இன்றும் என்னிடம் சொல்கிறார்கள். அவர் 95 கருத்துரைகளை வெளியிட்டது 1517-இல். சபைநீக்கம் செய்யப்பட்டது 1521 ஜனவரியில். கத்தரீனாவை மணந்தது 1525 ஜூனில். இந்த மூன்று தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். சீர்திருத்தச் சபையார் விசுவாசித்தால் போதும், எப்படியும் வாழலாம் என்று நம்புகிறார்கள் என்பதும் அத்தகையதே. நற்செயல்களைத் தடுக்கிறோம் என்று எங்கள்மேல் பொய்க்குற்றம் சுமத்தப்படுகிறது என்று லூத்தரன் சபையாரின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை தன் இருபதாம் பிரிவிலேயே மறுத்திருக்கிறது.

தமிழிலும் இந்தப் பழக்கம் பழையது. 1706-இல் லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார்; அவருக்குப் பின் அங்கு வளர்ந்த லூத்தரன் சபையை மறுத்து உரைநடை நூல்கள் எழுதியவர், தேம்பாவணி பாடிய கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவரே. அந்தக் காலத்துச் சண்டையின் வாசகங்கள், எங்கிருந்து வந்தன என்றே தெரியாமல், இன்றும் இரு பக்கத்து வீடுகளிலும் புழங்குகின்றன.

இதற்கிடையில் நிலைமை மாறிவிட்டது. 1999 அக்டோபர் 31 அன்று அதே ஆக்ஸ்பர்க் நகரில் வத்திக்கானும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதி எதனாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில், கடவுள் நம்மை ஏற்றுக்கொண்டு நற்செயல்களுக்கு நம்மை ஆயத்தப்படுத்துகிறார் என்பதே அதன் சாரம். அந்த அறிக்கையில் விளக்கப்பட்டபடியான போதனைகளைப் பொறுத்தவரை, பதினாறாம் நூற்றாண்டின் பரஸ்பரக் கண்டனங்கள் இனிப் பொருந்தா என்றும் இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே புதியவர்களுக்கு நான் வைக்கும் விதி ஒன்று உண்டு. மற்ற சபையின் போதனை பற்றிப் பேசப் போகிறீர்கள் என்றால், பேச இருப்பதை ஒரு தாளில் எழுதி அந்தச் சபையில் விவரம் அறிந்த ஒருவரிடம் முன்கூட்டிக் காட்டுங்கள். "ஆம், நாங்கள் நம்புவது இதுதான்" என்று அவர் சொல்லும் வரை திருத்துங்கள். அதன் பிறகு நாம் உடன்படாத இடத்தைத் தாராளமாகச் சொல்லலாம். யாரும் புண்படமாட்டார்கள், ஏனென்றால் அப்போது நாம் மறுப்பது அவர்கள் மெய்யாகவே நம்புகிற ஒன்றை.

சீர்திருத்தச் சபைகள் எல்லாம் ஒன்றே என்று எண்ணுவது

சி.எஸ்.ஐ. என்பது ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் அமைத்த சபை. தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை தனி. பாப்திஸ்து சபையாரும் பெந்தெகொஸ்து சபையாரும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. மேற்சொன்ன கூட்டறிக்கையில்கூட மெதடிஸ்டு உலக அமைப்பு 2006-இல்தான் இணைந்தது. ஆங்கிலிக்கர் 2016-இலும், கால்வின் மரபைச் சார்ந்த சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017-இலும் தம் ஒப்புதலைச் சேர்த்தனர். ஒருவரிடம் பெற்ற உடன்பாட்டை மற்றவர்மேல் ஏற்றிப் பேசினால் இருவரும் விலகுவார்கள்.

ஓர் உடன்பாட்டைக் காட்டி, இனி வேற்றுமையே இல்லை என்பது

இருக்கிறது. திருத்தந்தையின் தவறாவரம் (விசுவாசப் போதனையை அதிகாரபூர்வமாக அறிவிக்கும்போது அவர் தவறார் என்பது) 1870-இலும், மரியாவின் விண்ணேற்பு 1950-இலும் விசுவாசக் கோட்பாடுகளாக அறிவிக்கப்பட்டன; இரண்டும் பிரிவினைக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்தவை. எங்கள் பக்கத்தில் பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுக்கிறோம், 2013-இல் ஒரு பெண் பேராயராகவும் அபிஷேகம் பெற்றார். கத்தோலிக்கத் திருச்சபை இதை ஏற்பதில்லை. பழைய பிணக்கு ஆறும் வேளையில் புதிய பிணக்கும் பிறக்கும் என்பதை மறைக்காமல் சொல்வதே நேர்மை.

நற்கருணைக்குப் பொது அழைப்பு விடுப்பது

நற்கருணை என்னும் திருவிருந்துக்கு எல்லாரையும் வருமாறு அழைக்க வேண்டாம். பங்குத்தந்தையும் நம் குருவானவரும் ஒப்புக்கொண்டதற்கு மேல் மேடையில் ஒரு சொல்லும் கூடாது.

இரத்தக் கணக்கு எடுப்பது

இங்கிலாந்தில் கத்தோலிக்கரான தாமஸ் மோர் 1535-இலும், சீர்திருத்தப் பேராயர் கிரான்மர் 1556-இலும் கொல்லப்பட்டார்கள். இரு பக்கமும் இரத்தசாட்சிகள் உண்டு; யார் பக்கம் அதிகம் என்று எண்ணிக்காட்ட வேண்டாம்.

கர்த்தருடைய செபத்தை அச்சிடாமல் விடுவது

எல்லாருக்கும் மனப்பாடம்தானே என்று விட்டுவிடுவார்கள். பாதிப் பேர் "விண்ணுலகில் இருக்கிற" என்றும் மீதிப் பேர் "பரமண்டலங்களில் இருக்கிற" என்றும் தொடங்குவார்கள். கத்தோலிக்கர் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்று நிறுத்தும் இடத்தில் நம்மவர்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தனியாகத் தொடர, செபம் இரண்டாகப் பிளந்து முடியும். எந்தப் பாடத்தைச் சொல்வது என்று முன்பே முடிவு செய்து எல்லார் கையிலும் தாள் கொடுங்கள்.

கலப்புக் குடும்பங்களை மறப்பது

செப வாரத்தில் பாடிக் கலைந்துவிடுகிறோம். ஆனால் பிரிவினையை நாள்தோறும் சுமப்பவர்கள் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யினரும் மணந்து வாழும் வீட்டார். திருமணப் பேச்சு எழும்போதே, "நீங்கள் மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டியிருக்கும்" என்று யாரோ உறவினர் சொல்லிவிடுகிறார். அது தவறு. தண்ணீரால், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்ட நம் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. அவர்களுடையதை நாமும் ஏற்கிறோம். இத்தகைய திருமணத்துக்குக் கத்தோலிக்கர் தம் ஆயரின் அனுமதி பெற வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாக அவர் வாக்களிக்க வேண்டும், அது மற்றவருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். இதை மணநாள் நெருங்கும்போது கேட்டுப் பெற்றோர் அதிர்வதை நான் பார்த்திருக்கிறேன். கோவிலில் முதல் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு வெகு முன்பே, மணமக்கள் இருவரும் ஞானஸ்நானச் சான்றிதழ்களோடு பங்குத்தந்தையையும் நம் குருவானவரையும் ஒன்றாகச் சென்று பார்க்கும்படி செய்யுங்கள். குழுவிலிருந்து ஒருவர் உடன் செல்லுங்கள்.