பூட் ஆனதும் ஸ்கிரிப்ட் தானாக ஓட ஒரே வரி

லினக்ஸில் நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட், கணினி பூட் ஆகும்போதெல்லாம் தானாக ஓட வேண்டுமா? பூட்டில் ஓட வேண்டிய கட்டளைகளை முன்பு எழுதி வைத்த பழைய ஆர்சி.லோக்கல் கோப்பைத் தேடி அலையாதீர்கள், புது உபுண்டுவில் அது இருக்காது. குறித்த வேளையில் வேலைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸின் கிரான் போதும். டெர்மினலில் கிரான்டேப் கட்டளையை -இ சேர்த்துக் (crontab -e) கொடுங்கள். திறக்கும் கோப்பின் கடைசியில் @ரீபூட் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஸ்கிரிப்டின் முழுப் பாதையையும் எழுதிச் சேமித்தால் வேலை முடிந்தது. ஸ்கிரிப்டுக்கு இயக்கும் அனுமதி கொடுக்க மறக்காதீர்கள், அதற்கு சிஎச்மாட் கட்டளை.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, பூட்டில் மட்டும் மக்கர் பண்ணுகிறது என்று நான் ஒரு முழு சாயங்காலம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கிரானுக்கு நம் டெர்மினலின் பாத் அமைப்பு, அதாவது கட்டளைகளை எந்தெந்த இடங்களில் தேடுவது என்ற பட்டியல், தெரியாது, அதனால் ஸ்கிரிப்டுக்குள் இருக்கும் கட்டளைகளுக்கும் முழுப் பாதை எழுதுவதே பத்திரம். வைஃபை இணைவதற்கு முன்பே ஸ்கிரிப்ட் ஓடிவிடும் என்பது இன்னொரு தொல்லை. ஸ்கிரிப்டின் முதல் கட்டளையாக ஸ்லீப் 30 (30 வினாடி காத்திரு) போட்டுச் சமாளிக்கிறேன். கொஞ்சம் மட்டமான வழிதான், ஒழுங்காகச் செய்ய நினைப்பவர்கள் லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு ஒரு சர்வீஸ் கோப்பு எழுதிக்கொள்ளலாம். அப்புறம், திரையில் விண்டோ திறக்கும் நிரல்களுக்கு இது சரிப்படாது, அவற்றை டெஸ்க்டாப்பின் ஸ்டார்ட்அப் பட்டியலில் சேருங்கள்.