வாடகை மின்சார ஸ்கூட்டரில் ஏறுவதற்கு முன்

காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி வேலூருக்குள் வாடகை மின்சார ஸ்கூட்டரில் போகிறவர்களே, முதலில் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டே இரண்டு பிரேக்குகளையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். பலர் கைபட்ட வண்டி அது. டயரில் காற்றையும் பாருங்கள்.

இந்த வண்டிக்கு இன்ஜின் சத்தம் கிடையாது. அணைந்திருப்பதாக நினைத்து ஆக்சிலரேட்டரைத் திருகினால் பாய்ந்துவிடும். இதுதான் எனக்குப் பெரிய கவலை. பூ வாங்க ஒரு நிமிடம் நின்றாலும் வண்டியை அணைத்துவிடுங்கள். வண்டியில் உங்களுக்கு முன்னால் நிற்கும் குழந்தையின் கை நேராக ஆக்சிலரேட்டருக்குத்தான் போகும். வேலூரின் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலில் நடந்து போகிறவர்களுக்கு நீங்கள் வருவது கேட்காது. வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்துப் போங்கள். ஹெல்மெட் பின்னால் உட்காருகிறவருக்கும் கட்டாயம் வேண்டும்.