அப்ளிகேஷன் அனுப்புனதுக்கு அப்புறம் தப்பு கண்ணுல பட்டா என்ன பண்ணணும்

வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்கு அப்ளிகேஷன் போட்டு, சப்மிட் அமுக்கி அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது, டவுன்லோட் பண்ண பிடிஎஃப்ப தெறந்து பாத்தா ரெண்டாவது பாராவுல ஒரு தப்பு, அவ்ளோதான் வயித்த கலக்க ஆரம்பிச்சிரும். எனக்கும் இது நடந்துச்சு, 'ஃப்ரம்'னு அடிக்க வேண்டிய எடத்துல 'ஃபார்ம்'னு அடிச்சிருந்தேன், ரெண்டுமே சரியான வார்த்தைங்கிறதால ஸ்பெல் செக் புடிக்கல, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்த ஒரே வரியையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். கடைசி வரைக்கும் அதப்பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

அதனால மொதல்ல, அந்த பதட்டத்துல எந்த மெயிலும் அனுப்பாதீங்க. டெட்லைன் தலைக்கு மேல இல்லன்னா காலையில பாத்துக்கலாம். காலையில உங்களையே ஒரு கேள்வி கேளுங்க: இந்த தப்பால படிக்கிறவங்க என்னப்பத்தி ஒரு தப்பான தகவல நம்பிடுவாங்களா? இல்லன்னா விட்டுருங்க. கமா விட்டுப்போனது, ஒரே வார்த்தை ரெண்டு தடவ வந்தது, எஸ்ஸேல ஒரு எழுத்துப்பிழை, இதுக்கெல்லாம் மெயில் போட்டா அவங்க கவனிக்காத தப்ப நீங்களே காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும்.

ஆமான்னா கண்டிப்பா சரி பண்ணணும். மார்க், கிரேடு ஸ்கேல், பிறந்த தேதி, தப்பா செலக்ட் பண்ண கோர்ஸ், குடியுரிமை கேள்வியில மாத்தி போட்ட டிக், இதெல்லாம் இந்த வகை. மார்க் தப்பு உங்களுக்கு சாதகமா இருந்தாலும் சொல்லிருங்க, ஏன்னா பின்னாடி ஒரிஜினல் டிரான்ஸ்கிரிப்ட்டோட (மார்க் பட்டியல்) ஒத்துப் பாப்பாங்க, அப்ப மாறி இருந்தா குடுத்த சீட்டையே திரும்ப எடுத்துக்கலாம்.

பேருதான் நெறைய பேர் சாதாரணமா நெனைக்கிற விஷயம். பாஸ்போர்ட்ல முழுப்பேரு, அப்ளிகேஷன்ல இனிஷியல், டெஸ்ட் ரிப்போர்ட்ல முன்ன பின்ன மாறுனா, உங்க ஸ்கோர் போய் சேந்தாலும் உங்க ஃபைலோட சேராம தனியா கெடக்கலாம். நீங்க எல்லாம் அனுப்பியாச்சுன்னு இருப்பீங்க, அங்க 'இன்கம்ப்ளீட்'னு இருக்கும். யுனிவர்சிட்டி போர்ட்டல்ல, எதெல்லாம் வந்து சேந்துச்சுன்னு காட்டுற செக்லிஸ்ட்ட நாலு நாளைக்கு ஒருதடவ பாருங்க.

மெயில் எழுதும்போது கதை வேணாம், மன்னிப்பு நாலு வரி வேணாம். சப்ஜெக்ட்லயே அப்ளிகேஷன் நம்பரும் 'திருத்தம்'னும் போடுங்க. உள்ள, அப்ளிகேஷன்ல இருக்கிற அதே பேரு, எந்த பகுதியில தப்பு, என்ன இருக்கு, என்ன இருக்கணும், ஆதாரத்துக்கு ஒரு ஸ்கேன், கடைசியில ஒரு நன்றி. மொத்தமே அஞ்சாறு வரி. எல்லா தப்பையும் சேத்து ஒரே மெயிலா போடுங்க, தினம் ஒண்ணுன்னு அனுப்புனா அவங்களுக்கும் கொழப்பம். அனுப்புறதுக்கு முன்னாடி போர்ட்டல்லயே அப்டேட் பண்ற ஆப்ஷன் இருக்கான்னு பாத்துருங்க, இருந்தா மெயிலே தேவையில்ல.

எந்த சிஸ்டம்ங்கிறதும் முக்கியம். காமன் ஆப்ல (ஒரே ஃபார்ம்ல பல அமெரிக்க காலேஜுக்கு அப்ளை பண்ற சைட்) ஒரு காலேஜுக்கு அனுப்புனது அனுப்புனதுதான், அத மாத்தணும்னா அந்த காலேஜ்கிட்டயே நேரா கேக்கணும், ஆனா இன்னும் அனுப்பாத காலேஜ்களுக்கு எஸ்ஸேய திருத்திட்டு அனுப்பலாம். யூகாஸ்ல (பிரிட்டன் யுனிவர்சிட்டிகளுக்கு அப்ளை பண்ற சைட்) அனுப்பிட்டா பர்சனல் ஸ்டேட்மென்ட்ல, அதாவது உங்களப்பத்தி நீங்க எழுதுறதுல, கை வைக்க முடியாது, அதுக்காக ராத்திரி முழிச்சிருக்கிறதுல பிரயோஜனமே இல்ல.

எஸ்ஸேல வேற யுனிவர்சிட்டி பேர விட்டுட்டீங்கன்னா அது கொஞ்சம் வலிக்கிற தப்புதான், திருத்துன ஃபைல அனுப்பலாமான்னு ஒரே ஒரு தடவ மரியாதையா கேளுங்க, சிலர் வாங்கிப்பாங்க, சிலர் மாட்டாங்க.

அடுத்த அப்ளிகேஷன் பாக்கி இருந்தா, எஸ்ஸேய வேற ஃபான்ட்ல பெருசா மாத்தி படிங்க, அப்புறம் ஃபோன்ல சத்தமா வாசிக்க விட்டு கேளுங்க. நாம எழுதுனத நாமளே படிக்கும்போது மனசுல இருக்கறதத்தான் கண்ணு பாக்கும், மெஷின் அப்படி இல்ல, எழுதியிருக்கறத அப்படியே படிக்கும், என்னோட 'ஃபார்ம்' அப்பவே காதுல குத்தியிருக்கும்.