புல் லோடு இறங்கும்போதே எறும்பைப் பாருங்கள்

கொளத்தூர், மாதவரம், மணலி பக்கம் வீடுகளுக்கு லான் புல் போடும் வேலை செய்கிறேன். போன மழைக்காலத்துக்கு முன்னால் திருவொற்றியூரில் ஒரு வீட்டு முன்புறம் 300 சதுர அடிக்கு மெக்சிகன் கிராஸ் போட்டோம். மூன்றாவது வாரம் அந்த அம்மா போன் செய்து, "தம்பி, பேத்தி காலெல்லாம் தடிப்பு தடிப்பா இருக்கு, புல்லுல கால் வைக்க முடியல" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால், மண்ணோடு வெட்டிவந்த புல் துண்டும் துண்டும் சேரும் இடைவெளியில் சலித்த ரவை போல மண் பொங்கிக் கிடந்தது. ஒரு ஈர்க்குச்சியை உள்ளே விட்டேன், இரண்டு நொடியில் குச்சி முழுக்கச் சிவப்பெறும்புகள் ஏறிவிட்டன. அந்த வீட்டில் அதுவரை அந்த எறும்பு கிடையாது. என் வண்டியில் வந்ததுதான்.

நம் ஊரில் பல காலமாக இருக்கும் நெருப்பெறும்புக்கு சோலனாப்சிஸ் ஜெமினேட்டா என்று பெயர். அதைவிட மோசமான உறவுக்கார எறும்பு ஒன்று உண்டு, சோலனாப்சிஸ் இன்விக்டா. தென் அமெரிக்காவில் பிறந்தது, 1930களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபைல் என்ற ஊரின் துறைமுகம் வழியாக உள்ளே போனது, 2001இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கண்டுபிடித்தார்கள், அப்புறம் தைவான், சீனா என்று பரவியது. பெரும்பாலும் கப்பல், கன்டெய்னர், மண், செடி, புல் இவற்றோடு பயணம் செய்கிற எறும்பு இது. சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றும் நம் பக்கத்தில்தான், மணலியைச் சுற்றிக் கன்டெய்னர் யார்டுகள், ஆந்திராவில் கடியம் நர்சரிகளிலிருந்து செடி ஏற்றிவரும் லாரிகளும் கும்மிடிப்பூண்டி, செங்குன்றம் வழியாக நம் தெருவைத் தாண்டித்தான் ஊருக்குள் போகின்றன. அதனால் வடசென்னைக்காரர்கள் இதில் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கண் வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1958லிருந்தே இந்த எறும்பு உள்ள பகுதியிலிருந்து புல்லும் மண்ணும் வெளியே போகக் கட்டுப்பாடு இருக்கிறது.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் புல் வெட்டும் இடத்திலேயே பாருங்கள். போனில் ஆர்டர் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், ஒரு தடவையாவது வயலுக்கு நேரில் போங்கள். மழை பெய்து வெயில் அடித்த மறுநாள் போனால் புற்று நன்றாகத் தெரியும். வரப்பு, குழாய் ஓரம், எருக்குவியல் அடி, இந்த மூன்றையும் குச்சியால் கிளறுங்கள். ஒரே புற்றில் சிறிதும் பெரிதுமாகப் பல அளவில் சிவப்பெறும்பு இருந்து, குச்சியில் விறுவிறுவென்று மேலே ஏறினால் அந்தப் பாத்தியில் வாங்காதீர்கள். புற்று இல்லை என்பதற்காக நிம்மதியும் வேண்டாம். மழைக்குப் பின் பறந்து இறங்கும் புது ராணி சின்னக் குழி தோண்டி உள்ளே அடைந்துகொள்ளும், வெளியே ஒரு அடையாளமும் இருக்காது.

வெட்டிய புல்லை அன்றைக்கே ஏற்றி அன்றைக்கே இறக்குங்கள். வண்டி முந்தின லோடின் மண் இல்லாமல் கழுவியிருக்க வேண்டும், இதை டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வந்தபின் சொன்னால் சண்டைதான் வரும். இறக்கும்போது மண் தரையில் அடுக்காதீர்கள். சிமென்ட் தரை, இல்லையென்றால் தார்ப்பாய்.

அப்புறம்தான் முக்கியமான வேலை, இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலை வெயில் ஏறும் முன்போ மாலை ஐந்துக்கு மேலோ, அட்டைத் துண்டுகளில் எண்ணெயில் வறுத்த நெத்திலிக் கருவாட்டைக் கொஞ்சம் வைத்து, புல் அடுக்கின் நான்கு பக்கமும் நடுவிலும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். காசிமேட்டுக் கருவாடு நம் வீட்டில் எப்போதும் இருக்கும், சர்க்கரையைவிட இதற்குத்தான் நெருப்பெறும்பு வேகமாக வரும், எண்ணெயும் புரதமும் அதற்குப் பிடித்தவை. முக்கால் மணி கழித்துப் பாருங்கள். கறுப்புப் பிள்ளையார் எறும்பு வந்திருந்தால் கவலையில்லை, அதை விட்டுவிடுங்கள். உள்ளூர் எறும்புகள் புதிதாக இறங்கும் நெருப்பெறும்பு ராணியைத் தின்றுவிடும், அவற்றையும் சேர்த்துக் கொன்றால் காலி இடத்தைத் திறந்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சிவப்பு மொய்த்திருந்தால் அந்தத் துண்டுகளைத் தனியே எடுத்து வாளியில் போடுங்கள். வாளியின் உள்விளிம்பில் முகப்பவுடரைத் தடவிவிடுங்கள், ஏறினால் கால் வழுக்கும். பிறகு குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து விடுங்கள். தண்ணீர் மெல்ல ஏற ஏற, மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வெள்ளைப் புழுவாக இருக்கும் தன் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு மேலே வந்து ஒன்றோடு ஒன்று கோத்து மிதக்கும். ஆய்வுக்கூடங்களில் மண்ணிலிருந்து இந்த எறும்பைப் பிரிப்பதும் இப்படித்தான். கூட்டத்தில் ஒன்று மட்டும் பருத்த வயிற்றோடு இருந்தால் அதுதான் ராணி. பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஊற்றினால் மிதக்க முடியாமல் மூழ்கிச் சாகும். துண்டை ஒரு ராத்திரி அதே சோப்புத் தண்ணீரில் ஊற விடுங்கள். கையுறையும் ஷூவும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

ஏற்கெனவே போட்ட புல்லில் வந்துவிட்டது என்றால், கடையில் தரும் கரையான் மருந்தைப் புற்றின் மேல் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. மேலே இருப்பவை சாகும், ராணி அடியில் பிழைத்துக்கொள்ளும், மருந்து குழந்தை விளையாடும் இடத்தில் தங்கிவிடும். கொதிக்கும் தண்ணீர் 10, 12 லிட்டர் ஒரே மூச்சில் ஊற்றினால் பாதிக்கு மேற்பட்ட புற்றுகள் அழியும், ஆனால் அந்த இடத்துப் புல்லும் கருகும். உரிமம் உள்ள பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிட்டு, மெதுவாக வேலை செய்யும் இரை மருந்து வேண்டும் என்று கேளுங்கள். வேலைக்கார எறும்பே அதைத் தூக்கிப்போய் ராணிக்கு ஊட்டும். மருந்து போடும்போது புல்லில் ஈரம் இருக்கக் கூடாது, மழை வரும் நாளில் போட்டால் பணம் வீண்.

கடித்த இடத்தில் மறுநாள் வெள்ளைத் தலையோடு சீழ்க்கொப்புளம் கட்டினால் அது இன்விக்டாவாக இருக்க வாய்ப்புண்டு. நாலைந்து எறும்பை சானிடைசர் ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டு வையுங்கள், சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள். மூச்சு இறுகினாலோ முகம் வீங்கினாலோ எறும்புதானே என்று வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மிச்சமான புல்லையும் மண்ணையும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் கொட்டாதீர்கள். வெள்ளம் வந்தால் நெருப்பெறும்பு கூட்டமாகக் கோத்துக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும், வியாசர்பாடியில் ஏறி எண்ணூரில் இறங்கும்.