மாலை 7 மணிக்குக் கைக்கு வரும் போன்: டெல்டா பிள்ளைகளுக்குக் கல்விச் செயலி வடிவமைப்பது எப்படி

கல்விச் செயலி ஒன்றில் புராடக்ட் டிசைனராகச் சேர்ந்த முதல் வாரத்தில், திரைகளை வரையும் மென்பொருளான ஃபிக்மாவைத் திறக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் போனின் ஒரு நாளை எழுதுங்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் அம்மா நடவுக்குப் போய்விடுகிறார். போன் அப்பாவின் சட்டைப் பையில் வயலுக்கோ கொள்முதல் நிலையத்துக்கோ போகிறது. மாலை 7 மணிக்கு வீடு திரும்பும்போது சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும், அன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்திருக்கும். பத்தாம் வகுப்பு அக்காவும் ஆறாம் வகுப்புத் தம்பியும் அதற்காகக் காத்திருப்பார்கள். சாப்பாட்டுக்கு முன் ஆளுக்கு அரைமணி நேரம் கிடைத்தால் பெரிது.

அந்த அரைமணிக்குத்தான் நீங்கள் வடிவமைக்கிறீர்கள். உள்நுழைவதற்கு 4 நிமிடம் போனால் பாடத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

ஆகவே ஓடிபி ஒருமுறை மட்டும், செயலியை நிறுவும்போது கேட்டால் போதும். அதற்கும் மாற்றுவழி வையுங்கள்: ரீசார்ஜ் முடிந்து சிம் மாறும் வீடுகளில் பழைய எண்ணுக்கு ஓடிபி போய்க்கொண்டே இருக்கும். ஆசிரியர் அச்சிட்டுக் கொடுக்கும் வகுப்புக் குறியீடு இருந்தால் பிள்ளை தானே உள்ளே வந்துவிடும். ஒரே போனில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் முதல் திரையில் படமும் பெயரும் போட்ட பட்டன்கள் வேண்டும். தொட்டால் அவரவர் பாடம், கடைசியாக விட்ட கேள்வியிலிருந்தே. ஒவ்வொரு விடையும் அந்த நொடியே போனில் பதிவாக வேண்டும். பாடம் முடிந்தால்தான் சேமிப்பேன் என்று வைத்தால், நடுவில் அப்பாவுக்கு அழைப்பு வந்ததும் உழைப்பு போய்விடும்.

தினமும் வந்தால்தான் தொடர்ச்சி என்று எண்ணிக்கை காட்டும் வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். போன் வெளியூர் போன இரண்டு நாளுக்குப் பிள்ளையைத் தண்டிப்பது அநியாயம். வாரத்தில் 3 நாள் என்று வையுங்கள். எந்த 3 நாள் என்பதை வீடு முடிவுசெய்யட்டும்.

ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

திரை அழகைவிடத் தவறான விடைகளில்தான் கல்விச் செயலி டிசைனரின் உண்மையான வேலை இருக்கிறது. பின்னக் கூட்டலையே எடுப்போம்: 1/4 + 1/2.

நான்கு விடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது. ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். 2/6 என்றால் பிள்ளை மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. 2/4 என்றால் பகுதியை 4 ஆக்கத் தெரிந்திருக்கிறது, தொகுதியை மாற்ற மறந்திருக்கிறது. 1/8 என்றால் கூட்டலையும் பெருக்கலையும் குழப்பிக்கொண்டது. மூன்று தவறுக்கும் மூன்று வேறு பதில் வேண்டும். சிவப்புப் பெருக்கல் குறியும் ‘தவறு, மீண்டும் முயற்சி செய்’ என்ற வரியும் மூன்றுக்கும் ஒன்றாகப் போனால், பிள்ளை அடுத்த விடையைக் குருட்டாம்போக்கில் தொடும்.

டெல்டாவில் இதை விளக்க நல்ல கருவி ஒன்று மண்ணிலேயே இருக்கிறது. ஒரு வேலி 20 மா, ஒரு மா 100 குழி. பழைய தமிழ்க் கணக்கிலும் மா என்றால் 1/20 தான். கேள்வியை இப்படி எழுதலாம்: ‘ஊரில் ஒரு வேலி நிலம். 1 வேலி = 20 மா. அதில் 1/4 பங்கில் உளுந்து, 1/2 பங்கில் நெல். மொத்தம் எவ்வளவு பங்கில் பயிர் இருக்கிறது?’ பிள்ளை 2/6 தொட்டால் வரவேண்டிய பதில்: ‘நெல் மட்டுமே 10 மா. நீ சொன்ன 2/6 என்பது 7 மா கூட இல்லை. உளுந்தையும் சேர்த்தபின் எப்படிக் குறைந்தது?’ பிறகு நிலத்தை 20 கட்டங்களாகக் காட்டி, 5 கட்டத்தை ஒரு நிறத்திலும் 10 கட்டத்தை இன்னொரு நிறத்திலும் தொட்டு நிரப்பச் சொல்லுங்கள். 15 கட்டம் நிறைந்ததும் 3/4 கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இதில் கவனிக்க மூன்று. நகரத்துப் பிள்ளைக்கு மா தெரியாமல் இருக்கலாம், எனவே அளவைக் கேள்விக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். ‘உன் அப்பாவின் நிலம்’ என்று எழுதாதீர்கள். பிறர் வயலில் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம், அந்த ஒரு சொல் அவர்களைச் சுடும். அடுத்த கேள்வியில் அதே திறனைப் பாடநூல் நடையில், வெறும் எண்ணாகக் கேளுங்கள். பரீட்சையில் அப்படித்தான் வரும்.

தமிழ் எழுத்து எங்கே உடைகிறது

ஆங்கிலத்தில் திரை போட்டுவிட்டுக் கடைசியில் தமிழை ஊற்றினால் எல்லாம் பிதுங்கும். முதல் வரைவிலிருந்தே உண்மையான தமிழ் வரிகளை ஒட்டுங்கள். பட்டனுக்கு ஆங்கிலத்தைவிட ஒன்றரை மடங்கு அகலம் ஒதுக்குவது பாதுகாப்பு. எழுத்தளவு 16க்குக் குறைய வேண்டாம், வரி உயரம் 1.6 மடங்கு இருக்கட்டும். குறைத்தால் ‘கு’, ‘மூ’ போன்ற எழுத்துகளின் அடிப்பாகம் வெட்டுப்படும். எழுத்து இடைவெளியை அகட்டும் அமைப்பைத் தமிழில் தொடாதீர்கள். பழைய போன்களில் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி தெரியும் என்பதால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைச் செயலிக்குள்ளேயே வையுங்கள்.

எழுத்துகளைப் பிரித்து அடுக்கும் விளையாட்டுதான் பலரும் சறுக்கும் இடம். ‘பள்ளிக்கூடம்’ நமக்கு 7 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி என்பதால் கணினிக்கு அது 12. டெவலப்பர் குறிகளை எண்ணிப் பிரித்தால் புள்ளி தனிக் கட்டத்தில் அனாதையாக நிற்கும். எழுத்தையும் அதோடு ஒட்டிய குறிகளையும் சேர்த்து எழுத்துக் கொத்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தாலும் ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டாக உடையும், அவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும். ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் தேடலில் இரண்டும் பொருந்தாது. இப்படி இரண்டு விதமாக எழுதியதை ஒரே வடிவத்துக்கு மாற்றும் யூனிகோட் இயல்பாக்கம் இதைச் சரிசெய்துவிடும். ‘கௌ’ எழுதுவதற்குப் பதில் ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ‘ள’ எழுதுவதை மட்டும் அது சரிசெய்யாது. அந்தப் பிழையையும் சரியான விடையாக ஏற்றுக்கொள்ளும் பட்டியல் தேவை. தேடலில் ‘பின்னம்’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினாலும் பாடம் வரட்டும்; தமிழ் விசைப்பலகை பழகாத பிள்ளைகள் நிறைய.

பெற்றோருக்குக் குறுஞ்செய்தி எழுதுவதாக இருந்தால், தமிழில் ஒரு செய்திக்கு 70 குறிதான் இடம், புள்ளியும் கொம்பும் சேர்த்து. பிள்ளையிடம் ‘நீ’ என்றும் பெற்றோரிடம் ‘நீங்கள்’ என்றும் பேசுங்கள். பட்டனில் ‘சமர்ப்பி’ வேண்டாம், ‘விடையைப் பார்’ போதும்.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் பள்ளிக்கு மழை விடுமுறை வரும், அதே நாட்களில்தான் கரண்ட்டும் டவரும் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. நெட் இல்லாத நிலையை ஓரத்தில் வரும் பிழைச் செய்தியாக நினைக்காமல், முழு அனுபவமாக வடிவமைக்க வேண்டும்.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 நிமிட வீடியோ, விநாடிக்கு 500 கிலோபிட் என்றால் சுமார் 19 எம்பி. அதே பாடத்தை 12 நிலைப்படமும் 32 கிலோபிட் குரலுமாகச் செய்தால், குரலுக்கு 1.2 எம்பி, படங்களுக்கு இன்னொரு எம்பி. 2 ஜிபி ராம் உள்ள போனிலும் தடங்காமல் ஓடும், பிள்ளை தன் வேகத்தில் நிறுத்திப் பார்க்கலாம். அசைவு இருந்தால்தான் புரியும் பாடத்துக்கு மட்டும் வீடியோ வையுங்கள். தரவிறக்கும் பட்டனில் எத்தனை எம்பி என்று எழுதுங்கள், ஒரு வாரப் பாடத்தை ஒரே தொடுதலில் இறக்க வழி கொடுங்கள். டெவலப்பரிடம் ஒரு திரையைக் கொடுக்கும்போது ஐந்து நிலையையும் வரைந்து கொடுங்கள்: நிறைந்தது, காலியானது, ஏறிக்கொண்டிருப்பது, நெட் இல்லாதது, பாதி இறங்கியது. கடைசி நிலையைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

ஊருக்குப் போய்ச் சோதிப்பது

கும்பகோணம் டவுனில் மட்டும் சோதித்துவிட்டு வந்துவிடாதீர்கள். வேதாரண்யத்து உப்பளப் பகுதி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பு ஊர், திருவாரூர் உள்கிராமம் என்று பிரித்துப் போங்கள். ஒரு சுற்றுக்கு 5 பிள்ளைகள், ஆளுக்கு 20 நிமிடம், திருத்திவிட்டு வேறு 5 பிள்ளைகள். அவர்கள் வீட்டுப் போனிலேயே சோதியுங்கள். உங்கள் புதுப் போனில் எதுவும் மெதுவாகத் தெரியாது. வகுப்பறையில் ஆசிரியர் பக்கத்தில் நின்றால் பிள்ளை விடையைத் திரையில் தேடாமல் அவர் முகத்தில் தேடும், அதனால் திண்ணையில் உட்காருங்கள்.

‘புரிந்ததா?’ என்று கேட்க வேண்டாம். வந்திருக்கும் பெரியவர்களிடம் ‘புரியுது சார்’ என்றுதான் சொல்லும். ‘இதைத் தம்பிக்குச் சொல்லிக்கொடு’ என்று போனைக் கொடுத்துவிட்டு அமைதியாகப் பாருங்கள். எந்த இடத்தில் விரல் தயங்குகிறது, எந்த வரியைத் தாண்டிப் போகிறது என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். போட்டோ, குரல் பதிவுக்கு முன்பே பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரும் குழந்தைகள்தான். செயலி அவர்களின் தரவைக் கையாளவும் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் தேவை. அந்தத் திரையை வக்கீல் தமிழில் விட்டுவிடாமல், அம்மா படித்துப் புரிந்துகொள்ளும் நான்கு வரியாக எழுதி, கேட்கக் குரலும் வையுங்கள்.

கடைசியாக அளவீடு. எத்தனை நிமிடம் செயலியில் இருந்தார்கள் என்ற எண்ணை முதன்மையாக வைக்க உங்கள் மேலாளர் கேட்பார். அரைமணிதான் கிடைக்கிறது என்றால், அந்த எண் கூடினால் அக்காவின் நேரத்தைத் தம்பி எடுத்துக்கொண்டான் என்றுதான் அர்த்தம். அதற்குப் பதில், பாடம் முடிந்த 7 நாள் கழித்து அதே திறனில் 3 புதுக் கேள்விகளைக் கேளுங்கள். 2 சரியென்றால் தேறியது என்று குறியுங்கள். தேறாதவர்கள் எந்தத் தவறான விடையைத் தொட்டார்கள் என்று பிரித்துப் பாருங்கள். 2/6 தொட்டவர்களின் எண்ணிக்கை இரண்டு வாரமாகக் குறையவில்லை என்றால், திருத்த வேண்டியது அந்த 20 கட்டத் திரையைத்தான்.