பழைய இரும்பு லாக்கருக்குப் பெயின்ட் அடிக்கும்போது நடக்கும் தவறுகள்

உடைமாற்றும் அறையில் இருக்கும் இரும்பு லாக்கர் அலுவலக பீரோவைப் போலப் பழசாவதில்லை. வியர்வை உப்பு கதவெங்கும் படிகிறது, ஈரத் துண்டும் நனைந்த காலணியும் அடித்தட்டில் கிடக்கின்றன, கதவை யாரும் மெதுவாகச் சாத்துவதும் இல்லை. பீரோவுக்குப் போதுமான வேலை இதற்குப் போதாது. அடித்த பெயின்ட் ஓராண்டுக்குள் செதில் செதிலாக உதிர்ந்தால் எல்லோரும் பெயின்டைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு அடியில் இருக்கும்.

கழுவாமல் தேய்ப்பதிலிருந்தே அது தொடங்குகிறது. கைப்பிடியைச் சுற்றிய எண்ணெய்ப் பிசுக்கையும் ஸ்டிக்கர் கோந்தையும் உப்புத்தாள் அகற்றாது. கீறல்களுக்குள் இன்னும் அழுத்திவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். பழைய பூச்சு கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தில் 180 அல்லது 220 எண் தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்தால் போதும். அங்கேயும் இரும்பு தெரியும்வரை சுரண்டுவது வீண் உழைப்பு.

லாக்கர் பல பத்தாண்டுகள் பழையது என்றால், தேய்ப்பதற்கு முன்பே பூச்சில் ஈயம் உள்ளதா என்று சோதித்துவிடுங்கள். ஈயப் பூச்சை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசு நஞ்சு; குழந்தைகளுக்கு அதன் கேடு மிக அதிகம். ஈயம் இருப்பது தெரிந்தால் அந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுவதே சரி.

துருவைப் பெயின்டால் மூடுவதுதான் எல்லாத் தவறுகளிலும் பழசு. பூச்சுக்கு அடியிலும் துரு வளரும். வளரும்போது இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மேலிருக்கும் பூச்சு பொரிந்து கிளம்பும். கம்பி பிரஷால் உதிரும் துருவை எல்லாம் எடுத்த பிறகு, குழிகளில் எஞ்சியதற்குப் துருவை நிலையான படலமாக மாற்றும், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி என்ற திரவத்தைப் பூசலாம். சுத்தம் செய்த வெற்று இரும்பை ‘நாளைக்குப் பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்கலாம்’ என்று விட்டுவைக்காதீர்கள். ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி செம்மை படரும். லாக்கரின் மேல் வரிசையைப் பளிச்சென்று முடித்துவிட்டு, தரையைத் தொடும் அடிப்பகுதியையும் கால்களையும் பெயருக்குத் தடவுபவர்கள் உண்டு. துரு ஏறத் தொடங்குவதோ அங்கேதான்.

சுரண்டிய இடத்தில் செந்துருவே இல்லாமல் வெளிர் சாம்பல் நிறம் தெரிந்தால், அது துத்தநாகம் பூசிய தகடாக இருக்கலாம். சாதாரண எண்ணெய் எனாமலை அதன்மேல் நேரடியாக அடிக்கக் கூடாது. எனாமலின் எண்ணெய்க் கூறும் துத்தநாகமும் வினைபுரிந்து இடையில் சோப்புப் போன்ற ஒரு படலம் உண்டாகும். சில மாதங்களில் பெயின்ட் தாள் போலக் கழன்று வரும். அந்தத் தகட்டுக்கென்றே விற்கும் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள்.

கிறீச்சிடும் கீலுக்கு வேலைக்கு முன்பே சிலிக்கான் ஸ்ப்ரே அடித்துவிடுவது இன்னொரு அவசரம். அதன் துளி பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி, மீன்கண் போலக் குழிகள் விழும். தேய்த்தாலும் எளிதில் போகாது. எண்ணெய் எல்லாம் கடைசியில்.

அடிக்கும்போது நடப்பவை பலருக்கும் தெரிந்தவைதான், இருந்தும் நடக்கின்றன. ஒரே தடிப்பான கோட் வழியும். கதவின் ஓரத்தில் படிந்தால் கதவு சட்டத்தில் உரசும். மெல்லிய கோட்டுகள் இரண்டு, மூன்று போதும். அடுத்த கோட்டுக்கான இடைவெளியை டப்பாவில் உள்ளபடி கடைப்பிடியுங்கள். சில எனாமல்களுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். நடுவில் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டிய நாளில் வேலையைத் தள்ளிவையுங்கள். லாக்கருக்குள் தலையை நுழைத்து ஸ்ப்ரே அடிப்பவர் காற்றோட்டத்தையும் சுவாசக் கவசத்தையும் மறக்கக் கூடாது. இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்டில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஆஸ்துமாவையே உண்டாக்கக் கூடியது.

நான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. அன்று மாலையே கதவுகளைச் சாத்திவிட்டேன். மறுநாள் இழுத்தபோது சட்டத்தின் விளிம்பிலிருந்த பெயின்ட் பட்டை பட்டையாகக் கதவோடு வந்தது. தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, முழுதாக இறுகுவது வேறு. எனாமல் இறுக ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை கதவுகள் திறந்தே கிடக்கட்டும். கதவு சட்டத்தில் மோதாமல் தாங்கும் ரப்பர் பொத்தான்களையும் அதன் பிறகே பொருத்துங்கள்.

கழற்றிய எண் தகடுகளை ஒரே டப்பாவில் கொட்டிவிடாதீர்கள். எந்தத் தகடு எந்தக் கதவில் இருந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவிக்கொத்தில் இருப்பவை பழைய எண்கள்தான்.