மரக்கடைசல் பழகத் தொடங்குகிறீர்களா? கிண்ணத்தை ஒத்திவையுங்கள், பம்பரத்தில் ஆரம்பியுங்கள்

மர லேத் (கட்டையைச் சுற்றவிட்டு உளியால் கடையும் இயந்திரம்) வாங்கிய எல்லோருக்கும் முதல் ஆசை கிண்ணம்தான். பார்க்க அழகு, வீட்டில் காட்டலாம், வீடியோக்களிலும் அதுதான் அதிகம். ஆனால் கடைசலை ஒழுங்காகப் பழக வேண்டுமென்றால் முதல் ஒரு மாதமாவது கிண்ணத்தின் பக்கமே போகாதீர்கள். கட்டில் கால், தொட்டில் கம்பு, சப்பாத்திக் கட்டை, மத்து, பம்பரம் என்று நம் கடைசல் பட்டறைகளில் காலங்காலமாகச் செய்யும் சாமான்களில் பெரும்பாலானவை நீளவாக்கில் கடைவதுதான். அதில் மரத்தின் நாரோட்டம் லேத்தின் அச்சோடு ஒரே திசையில் இருக்கும், உளி எப்போதும் நாரின் பக்கவாட்டில்தான் ஓடும். கிண்ணத்தில் நார் குறுக்கே கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நாரின் முனை எதிர்த்து வந்து உளியில் மோதும். உளியைப் பிடிக்கவே தெரியாதவர் அதில் கற்றுக்கொள்வது பயம் ஒன்றைத்தான்.

லேத் எது வாங்குவது என்பதற்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். மேசைமேல் வைக்கிற சின்ன லேத் போதும், வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால் நல்லது. இரண்டு விஷயம் மட்டும் வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: கட்டையைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலின் மரை என்ன அளவு (சின்ன லேத்துகளில் பெரும்பாலும் 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 மரை), அதன் உள்ளே இருக்கும் மோர்ஸ் டேப்பர் என்கிற கூம்புத் துளை எத்தனையாம் எண் (பெரும்பாலும் 2). நாளைக்குக் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக் வாங்கினாலும், அதன் முனையைத் தாங்கும் சென்டர் வாங்கினாலும் இந்த இரண்டும் பொருந்தவில்லை என்றால் காசு வீண். லேத்திலேயே மொத்தப் பணத்தையும் போட்டுவிடாமல் ஒரு பெஞ்ச் கிரைண்டருக்கும் முகத்தை முழுக்க மூடும் ஃபேஸ் ஷீல்டுக்கும் ஒதுக்கி வையுங்கள். கிரைண்டர் இல்லாத லேத் ஒரு வாரத்துக்கு மேல் பயன்படாது.

உளியில் நான்கு இருந்தால் ஆரம்பிக்கலாம். சதுரக் கட்டையை உருட்டையாக்கும் ரஃபிங் கௌஜ் (கௌஜ் என்றால் குழிவான உளி), வளைவுகளுக்கு ஸ்பிண்டில் கௌஜ், வெட்டிப் பிரிக்க பார்ட்டிங் டூல், வழவழப்புக்குச் சாய்ந்த முனையுள்ள ஸ்கியூ. எல்லாம் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) எஃகில் வாங்குங்கள், கூர் நிற்கும். ஸ்கியூவை வாங்கினாலும் கொஞ்ச நாள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

இனி கூர் விஷயம். இதைத்தான் ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் புதிதாகப் பழகுகிறவர் "எனக்குக் கை வரவில்லை" என்று சொல்லும்போது பாதி நேரம் உளிக்குத்தான் கூர் வந்திருக்காது. கடையிலிருந்து வரும் உளி பெரும்பாலும் அப்படியே வேலைக்கு ஆகாது, சாணை பிடித்துத்தான் ஆக வேண்டும். கிரைண்டர் 8 அங்குலச் சக்கரமும் மெதுவான வேகமும் உள்ளதாக, அதாவது நம் ஊர் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1440 சுற்று ஓடுவதாக இருந்தால் நல்லது. 2800 சுற்று ஓடுகிற கிரைண்டரில் ஒரு கண் அசந்தால் உளி பாதி காணாமல் போயிருக்கும். கூடவே வரும் சாம்பல் நிறக் கல்லைக் கழற்றிவிட்டு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல் மாட்டுங்கள், 80 கிரிட் (கல்லின் சொரசொரப்பு எண்) போதும். ரஃபிங் கௌஜுக்கு 45 டிகிரி, ஸ்பிண்டில் கௌஜுக்கு 40 சுமார். டிகிரியை விட முக்கியம், ஒவ்வொரு முறையும் அதே கோணம் வருவது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. உளியின் சரிவு, அதாவது கூரை ஒட்டிச் சாய்வாகத் தேய்த்திருக்கும் பரப்பு, முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்படியுங்கள். கிரைண்டரை ஓடவிடாமல் உளியைக் கல்லில் வைத்து, சக்கரத்தைக் கையால் லேசாகச் சுற்றுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். கூருக்கு அருகில் மட்டும் அழிந்தால் கோணம் செங்குத்தாக இருக்கிறது, அடியில் மட்டும் அழிந்தால் படுத்துக் கிடக்கிறது, மேலிருந்து கீழ்வரை சீராக அழிந்தால் அதுதான் இடம். அங்கே கிரைண்டரில் உளியை வைக்கும் தாங்கியை இறுக்கிவிட்டு கிரைண்டரை ஓட்டுங்கள். அழுத்தவே கூடாது, உளியின் எடையே போதும்.

வேலைக்கு நிற்கும்போது லுங்கி, துப்பட்டா, தொங்கும் முந்தானை, தளர்ந்த முழுக்கை எதுவும் வேண்டாம். மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருந்தால் இறுக்கமான கைப்பட்டைக்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் கழற்றி வையுங்கள். மோதிரம் கூடாது. தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். கையுறை பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், சுற்றுகிற இயந்திரத்தின் முன்னால் அது ஆபத்து, துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். லேத்தைப் போடும் கணத்தில் கட்டைக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

சரி, கட்டைக்கு எங்கே போவது? பக்கத்துத் தச்சுப்பட்டறைதான். நிலை, ஜன்னல் செய்து மிச்சமாகும் வேம்பு, தேக்குத் துண்டுகள் 6 செ.மீ. சதுரத்தில் 15 செ.மீ. நீளத்துக்குச் சுலபமாகக் கிடைக்கும். வெடிப்பும் முடிச்சும் இல்லாததாகப் பொறுக்குங்கள். சீமைக்கருவேலம் காசில்லாமல் கிடைக்கும், கடைந்தால் அருமையான செம்பழுப்பு நிறம் வரும், ஆனால் கெட்டி. கை பழகிய பிறகு அதை எடுங்கள். கிளைக்கட்டையாக இருந்தால் நடுக்குருத்து இல்லாமல் பிளந்து எடுப்பது நல்லது, குருத்திலிருந்துதான் வெடிப்பு கிளம்பும். அரளி, எட்டி மாதிரி நச்சு மரங்களைத் தொடவே வேண்டாம், செய்வது பிள்ளைகள் கையில் போகிற சாமான். ஈட்டியின் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும்.

முதல் நாள் பம்பரமும் வேண்டாம், வெறும் கட்டையை உருட்டையாக்குங்கள், போதும். இரண்டு முனையிலும் மூலைக்கு மூலை கோடு போட்டால் அவை வெட்டுகிற இடம் மையம். அங்கே ஆணியால் ஒரு குத்து. முள்ளு முள்ளாக இருக்கும் டிரைவ் சென்டரை லேத்திலிருந்து கழற்றி, மேசையில் வைத்து மரச்சுத்தியால் கட்டையில் அடித்து இறக்குங்கள். லேத்தில் மாட்டியபடி அடித்தால் அந்த அடி பேரிங்குக்குப் போகும். பிறகு மாட்டி, எதிர்ப்பக்கம் கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை நெருக்கி இறுக்குங்கள். உளி தாங்கும் டூல் ரெஸ்டைக் கட்டைக்கு 5 மி.மீ. இடைவெளியில், ஏறக்குறைய மையத்தின் உயரத்தில் வையுங்கள். அப்புறம் கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எங்கேயும் தட்டவில்லை என்று பாருங்கள். இதை ஒவ்வொரு முறையும், ரெஸ்டை ஒரு நூல் நகர்த்தினாலும் செய்ய வேண்டும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6000-லிருந்து 9000-க்குள் வர வேண்டும் என்பார்கள். அது கை பழகியவர்களுக்கு. நம் கட்டை இரண்டரை அங்குலம், சதுரமாக இருக்கும்போது 800-க்கு மேல் போக வேண்டாம், உருட்டையான பிறகு 1500 வரை ஏற்றலாம்.

இப்போது முழுக்கலையும் அடங்கியிருக்கிற இடத்துக்கு வருகிறோம். உளி முதலில் தொட வேண்டியது மரத்தை அல்ல, ரெஸ்டை. ரெஸ்டில் அழுத்தமாக ஊன்றிய பிறகு, கைப்பிடியைத் தாழ்த்தி, உளியின் சரிவான முதுகு மட்டும் சுற்றும் மரத்தில் உரசும்படி வையுங்கள். இந்த நிலையில் உளி எதையும் வெட்டாது, சும்மா வழுக்கிக்கொண்டிருக்கும். இனி கைப்பிடியை மெதுவாக, மிக மெதுவாக உயர்த்துங்கள். ஒரு கட்டத்தில் கூர் மரத்தைத் தொடும், சுருள் சுருளாகச் சீவல் கிளம்பும். அவ்வளவுதான். ஊன்று, உரசு, உயர்த்து. கூர் முதலில் மரத்தில் பட்டால், முதுகின் ஆதரவு இல்லாததால், மரம் உளியை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஒரு பெரிய சத்தத்தோடு கட்டையில் திருகலாக ஒரு பள்ளம் விழும். கேட்ச் என்று எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். கேட்ச் விழுந்தால் விதியை நோகாமல், லேத்தை நிறுத்தி, உளியை அந்தப் பள்ளத்திலேயே வைத்துப் பார்த்தால் முதுகு எங்கே விலகியது என்று கண்ணுக்கே தெரியும்.

உருட்டையாக்கும்போது கட்டையின் ஒரு முனையிலிருந்து உள்நோக்கி வராதீர்கள், சிம்பு பிய்ந்து முகத்துக்கு வரும். முனைக்கு 3, 4 செ.மீ. உள்ளே தொடங்கி முனையை நோக்கி வெளியே தள்ளுங்கள், பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே தொடங்கி மறுபடி வெளியே. கையை மட்டும் நகர்த்தாமல் கைப்பிடியை இடுப்போடு ஒட்டி வைத்து உடம்பே சாய்ந்து நகர வேண்டும். காது கொடுத்துக் கேளுங்கள்: சதுரம் இருக்கும்வரை டக்டக்டக் என்று அடிக்கும், மூலைகள் போகப் போக அது ஒரே சீரான சீறலாக மாறும். சீவலையும் பாருங்கள். நீளச் சுருளாக வந்தால் வெட்டுகிறீர்கள், தூளாகக் கொட்டினால் சுரண்டுகிறீர்கள், அல்லது கூர் போய்விட்டது.

உருட்டை கைவந்ததும் அதே கட்டையில் பள்ளமும் மேடும் பழகுங்கள். இங்கே ஒரே விதி: பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்துக்குத்தான் உளி போக வேண்டும், எப்போதும் இறக்கத்தில். பள்ளம் வெட்டும்போது இந்தப் பக்கம் மேலிருந்து அடிவரை வந்து நிறுத்துங்கள், அந்தப் பக்கத்தை அங்கிருந்து ஏறாமல் மறுபடி மேலிருந்து தொடங்கி இறக்குங்கள். கண் உளி முனையிலேயே நிற்கக்கூடாது. கட்டையின் மேல் விளிம்பைப் பாருங்கள், வடிவம் அங்கேதான் கோடாகத் தெரியும். ஒரு துண்டை விரல் பருமனாகும் வரை வெட்டி வெட்டி எறிந்துவிட்டு அடுத்ததை மாட்டுங்கள், மரம் வீணாகிறதே என்று வருந்த வேண்டாம்.

பம்பரம் இந்தப் பழக்கத்தைச் சோதிக்க மிகச் சரியான சாமான். ஆணி வரும் கூர்ப்பக்கம் டெயில்ஸ்டாக் பக்கம் இருக்கட்டும், அந்தச் சென்டர் விட்ட குறியே பிறகு ஆணியின் மையம். கட்டையை 5 செ.மீ. விட்டத்துக்கு உருட்டையாக்கி, அகலமான தோள் வரும் இடத்தில் பென்சில் கோடு போடுங்கள். கோட்டிலிருந்து டெயில்ஸ்டாக் நோக்கி, ஸ்பிண்டில் கௌஜால், ஒவ்வொரு வெட்டும் முந்தையதை விட ஒரு இழை ஆழமாக, லேசான உப்பலோடு சரித்துக்கொண்டு போங்கள். நேர்க்கோட்டில் சரிந்த பம்பரத்தில் சாட்டை வழுக்கும், வயிறு கொஞ்சம் உப்பியிருந்தால் பிடிக்கும். அடிப்பகுதியில் பார்ட்டிங் டூலின் மூலையால் மெல்லிய வரிகள் நான்கைந்து போட்டுவிட்டால் சாட்டைக்குப் பிடிமானம். தோளுக்கு மறுபக்கம் வளைத்து, தலையில் ஒரு சின்னக் குமிழ் விடுங்கள்.

தேய்ப்பதற்கு முன் டூல் ரெஸ்டைக் கழற்றிவிடுங்கள், விரல் இடுக்கில் சிக்கும். முகமூடி போட்டுக்கொண்டு உப்புத்தாள் 120, 180, 240, 320 என்று வரிசையாக, கட்டையின் அடிப்பக்கத்தில் பிடியுங்கள். ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் முந்தைய கீறல் பாலிஷுக்குப் பிறகுதான் பல்லிளிக்கும்.

நிறத்துக்கு அரக்கு. கர்நாடகத்தில் சென்னப்பட்டணத்துப் பொம்மைகளுக்கு நிறம் ஏற்றுவது இப்படித்தான்: வண்ண அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தில் அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினால் சமமாகப் பரவிப் பளபளக்கும். அங்கே அதிகம் கடைவது வெட்பாலை மரம், வெளுத்த நிறம், நெருக்கமான நார், அரக்கு அதில் கண்ணாடி மாதிரி உட்காரும். அரக்குக் குச்சி கிடைக்காவிட்டால் தேன்மெழுகு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயவே காயாது. ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள். லேத் ஓடும்போது மெழுகு தேய்க்கத் துணி கூடாது, டிஷ்யூ பேப்பர்தான், சிக்கினால் கிழிந்து போய்விடும்.

தலைப்பக்கத்தைப் பார்ட்டிங் டூலால் 8 மி.மீ. வரை ஒடுக்கி, லேத்தை நிறுத்தி, மிச்சத்தை வாளால் அறுங்கள். ஆணியைவிட மெல்லிய பிட்டால் சென்டர் குறியில் நேராகத் துளையிட்டு, கொண்டை வெட்டிய ஆணியை அடித்து இறக்குங்கள். துளை இல்லாமல் அடித்தால் இவ்வளவு வேலையும் இரண்டாகப் பிளந்துவிடும். சுற்றிவிட்டு உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். கை அதிராமல் நின்று சுற்றினால் ஆணி மையத்தில் இருக்கிறது. அதிர்ந்தால் ஆணி சாய்ந்திருக்கிறது, லேசாகத் தட்டி நிமிர்த்திப் பாருங்கள்.

பத்துப் பம்பரம் ஒரே அளவில் வந்துவிட்டால் கிண்ணத்துக்குப் போகலாம். அதற்கு நாலு தாடைச் சக்கும் பவுல் கௌஜும் வேண்டும். ரஃபிங் கௌஜைக் கிண்ணத்தின் பக்கம் கொண்டு போகாதீர்கள், அது கைப்பிடிக்குள் நுழையும் இடம் மெல்லியது, கேட்ச் விழுந்தால் அங்கேயே ஒடிந்து பறக்கும். திசையும் மாறும்: வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்புக்கும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவுக்கும் வெட்ட வேண்டும். முதல் கிண்ணத்துக்குப் பூவரசு எடுங்கள். ஹவாய்த் தீவில் இதே மரத்தை மைலோ என்று சொல்லிக் கிண்ணம் குடைந்திருக்கிறார்கள், அவ்வளவு ஒத்துப்போகிற மரம். பச்சை மரமாக இருந்தால் வெண்ணெயாக வெட்டும், ஆனால் காயும்போது கோணும், அதனால் இரண்டு தடவையில் முடியுங்கள். முதலில் சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 செ.மீ. கிண்ணத்துக்கு 2 செ.மீ., விட்டுக் கடையுங்கள். நார் முனை தெரியும் இடங்களில் மெழுகு பூசி, காற்றடிக்காத நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எடையை அடியிலேயே பென்சிலால் எழுதுங்கள். அடுத்தடுத்து மூன்று வாரம் எடை குறையவில்லை என்றால் திரும்ப மாட்டி, கோணலைச் சரிசெய்து, சுவரை 6 மி.மீ.-க்கு இறக்கி முடிக்கலாம்.